அறிவியலும் அறிவியற் போலியும்

அளவையானன்றி அளக்கப்படும் பொருள் விளங்காது என்பது சைவ சித்தாந்த ஆசிரியர் யாவர்க்கும் ஒத்த துணிபாகும். 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியார் சுபக்கத்திலே பதி பசு பாசங்களை விரித்துரைக்கப் புகுமுன்னர், அளவையின் இலக்கணத்தையே வகுத்தோதினார். இறைவன் உளன் என்று நிறுவுதற்கு முன்னர், ஒன்றனை உண்டென்று கூறுதற்கு யாது தகுதி வேண்டும் என்பதனை அறுதியிட்டார் என்க. மெய்கண்ட தேவரும் தம் சிவஞான போதத்திலே ஒவ்வொரு துணிபிற்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறை வைத்தே கூறினார். காரணம் காட்டாது கூறுதலும், கூறியவாறே கொள்ளுதலும் இம்மரபிற்கு உரியன அல்ல.

இம்மரபிற் பிறந்தோரிடையே அண்மைக் காலத்தில் ஒருவகைப் பேச்சுப் பெருகி வருகின்றது. நம் திருக்கோயில்களின் பெருமையை மேனாட்டு அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்பது அப்பேச்சின் சாரம். திருநள்ளாற்றின் மேற்செல்லும் துணைக்கோள்கள் மூன்று நொடி தம்பித்து நிற்கின்றன என்றும், தில்லைச் சிற்றம்பலம் உலகக் காந்தப்புலத்தின் நடுப்புள்ளியில் அமைந்துள்ளது என்றும், இவற்றை அமெரிக்க நாட்டு நாசா நிறுவனமே கண்டறிந்து வியந்தது என்றும் சிறு நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் பரப்புகின்றனர். இவை அறிவியலா, அறிவியற் போலியா என்று ஆராய்தல் சைவ நன்மக்கட்குக் கடமையாகின்றது. போலியை மெய்யென்று கொண்டு அதன்மேற் சமயத்தை நிறுத்துவோர், போலி சாயும் நாளிற் சமயமும் உடன் சாய்தற்கு வழி செய்தவராவர்.

இவ்வாராய்ச்சிக்கு உரிய இடமாகக் கருநாடக எல்லையை ஒட்டிய ஒசூர், கிருட்டிணகிரிப் பகுதியைக் கொள்ளலாம். ஒசூரின் குன்றின்மேல் மரகதாம்பிகை உடனாய சந்திரசூடேசுவரர் எழுந்தருளியுள்ளார். அந்நகரிலேயே 1970-களிற் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றி வளர்ந்தது. சுமையுந்தும், இருசக்கர உந்தும், கைக்கடிகாரமும், அவற்றிற்கு வேண்டும் நுண்ணிய உறுப்புக்களும் செய்யும் ஆலைகள் ஆண்டு மிகுந்துள்ளன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் பல்லாயிரவர் அவற்றில் உழைக்கின்றனர். அவர்கள் நாள்தோறும் செய்யும் தொழில் அளத்தலே. ஓர் உருளையின் குறுக்களவு மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கு மிகினும் குறையினும், தொழிலாளர் 'கேஜ்' என வழங்கும் அளவுகருவி அதனைத் தள்ளிவிடும். அக்கருவியும் பிழைபடக் கூடுமாதலின், குறித்த காலந்தோறும் அதனையும் வேறொரு மூலக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பர். பகலெல்லாம் இங்ஙனம் அளந்து நின்ற ஒருவன், மாலையில் மலையேறிச் சந்திரசூடரை வழிபட்டு மீளும்போது, துணைக்கோள் விண்ணில் நின்றுவிட்டது என்னும் செய்தியைக் கைப்பேசியிற் காண்கின்றான். ஆலையிற் கண்டதற்கும் கைப்பேசியிற் கண்டதற்கும் அறிவியல் என்னும் பெயர் ஒன்றே. இரண்டும் ஒன்றா என்னும் வினா அவனுக்கு எழுதல் இயல்பு. அவ்வினாவிற்கு விடை கூறும் கடப்பாடு சைவ அறிஞர்பாலதாகும்.

அளவையின் இலக்கணம்

அளவைகள் பத்து எனக் கூறுவார் உளர். அவற்றை எண்ணிய சித்தியாராசிரியர், அப்பத்தும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடித்தார். காட்சியாவது ஐயமும் திரிபும் நீங்க அறிதல். கருதலாவது, ஏதுவிற்கும் அதனாற் சாதிக்கப்படும் பொருளுக்கும் உள்ள விட்டு நீங்காத் தொடர்பு பற்றி மறைந்ததனை உணர்தல். உரையாவது நம்பத்தகுந்தார் கூற்று.

அப்பத்தனுள் ஒன்றாக எண்ணப்பட்டது ஐதிகம். 'இவ்வாலமரத்திற் பேய் உண்டு' என்பது அதற்கு வழிவழியாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. முதலிற் சொன்னார் இன்னார் என்று தெரியாது; கேட்டார் கேட்டாங்குச் சொல்லப் பலர் வாயிற் பயின்று வருவது அது. இந்நாளிற் கைப்பேசி வழி வரும் 'அறிவியல்' செய்திகளிற் பெரும்பாலன இவ்வினத்தனவே. அவற்றிற்கு நாசா என்னும் பெயரைச் சூட்டியமையால் அவை உரையளவை ஆகிவிடா. உரையென்று கொள்ளல் வேண்டின், உரைத்தவர் யார், எவ்வாண்டில் உரைத்தார், எந்த ஏட்டில் உரைத்தார், தாம் உரைத்த பொருளை அறிதற்கு அவர்க்கு என்ன வாய்ப்பு இருந்தது என்பன தெரிதல் வேண்டும். ஆலமரத்துப் பேயைச் சொன்னவனுக்கும் ஊர் பேர் இல்லை; துணைக்கோள் நின்றதைச் சொன்னவனுக்கும் ஊர் பேர் இல்லை.

திருநள்ளாற்றுச் செய்தி

இனித் திருநள்ளாற்றுச் செய்தியை அளவையில் வைத்து நோக்குவோம். சனிக்கோளிலிருந்து வரும் கதிர் அத்தலத்தின்மேல் வீழ்தலால், மேலே செல்லும் துணைக்கோள்கள் மூன்று நொடி நிற்கின்றன என்பது செய்தி.

நிலவுலகைத் தாழ்ந்த வட்டத்திற் சுற்றும் துணைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் விரைகின்றது. அவ்விரைவே அதனைக் கீழே விழாமற் காக்கின்றது. அது நின்றுவிடுமாயின் தன் வட்டத்தை இழந்து நிலத்தை நோக்கி வீழும். மூன்று நொடி நின்று மீண்டும் முன்னைய விரைவு பெறுதற்கு அதனைத் தள்ளுவாரும் அங்கு இலர். நிற்றலும் உடனே விரைதலும் நிகழுமாயின் அவ்வதிர்ச்சியில் அக்கருவி சிதைந்தே போகும். இனி, நிலவுலகினின்று நோக்குங்கால் ஓரிடத்தே நிற்பன போலத் தோன்றும் துணைக்கோள்களும் உள. அவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலேதான் அங்ஙனம் அமையவியலும். காரைக்காலை அடுத்த திருநள்ளாறு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பதினொரு பாகை அளவில் உள்ளது. ஆதலின் அவையும் அதற்கு நேர்மேல் நிற்றல் இயலாது.

சனிக்கோள் நமக்கு மிக அணித்தாய காலத்தும் 120 கோடி கிலோமீட்டர் சேய்மையில் உள்ளது. அதனின்றும் ஒளி வந்து சேர ஒரு மணிக்கு மேலாகும். வருவதும் பெரும்பாலும் அக்கோளிற் பட்டு மீளும் ஞாயிற்றின் ஒளியே. அது நிலவுலகில் தன்னை நோக்கிய பாதி முழுவதன்மேலும் ஒப்ப வீழ்கின்றது. ஓரூரைத் தேர்ந்து வீழ்வதன்று. ஆகலின் இச்செய்தி காட்சியோடும் முரணுகின்றது, கருதலோடும் முரணுகின்றது, உரைத்தாரும் இலர். எந்தத் துணைக்கோள், எந்த நாள், எந்த அறிக்கை என்னும் மூன்று வினாக்களுள் ஒன்றற்கேனும் விடை தாராத கூற்றினைச் சைவர் கூற்றென்று கொள்ளுதல் அருணந்தி சிவாசாரியர் மாணாக்கர்க்குத் தகுமோ?

திருநள்ளாற்றின் பெருமைக்கு இச்செய்தி வேண்டுவதுமன்று. திருஞானசம்பந்தர் மதுரையில் அனல்வாதம் நிகழ்த்திய ஞான்று, திருமுறை ஏட்டிற் கயிறு சாத்தி நோக்கப் போந்தது திருநள்ளாற்றுப் பதிகமே என்றும், அனலிலிட்ட அவ்வேடு வேவாது பசுமையுற்றிருந்தமையின் அது பச்சைப் பதிகம் எனப் பெயர் பெற்றது என்றும் சேக்கிழார் வரலாறு கூறுகின்றது. அப்பெருமானின் தலத்தைச் சனியின் கதிர் வீழும் இடமென்று மட்டும் அறிமுகம் செய்வார், தலத்து இறைவனை மறந்து வாயிற்கண் நின்ற கோளினைப் பாடுவாராயினர்.

அவ்வரலாற்றிற் பிறிதொன்றும் நோக்கத்தக்கது. ஏடு அனலில் இடப்படுமுன்னரே, வெல்லுதல் யாது, தோற்றல் யாது என்பது இருதிறத்தார்க்கும் வெளிப்படையாயிருந்தது. வெந்த ஏடு தோற்ற ஏடு என்பதில் ஐயமில்லை. திருவருள் நிகழ்ச்சியை ஆய்வுக்கூடச் சோதனை என்று கூறுதல் ஈண்டுக் கருத்தன்று. வாதத்தின் ஒழுங்கே ஈண்டுச் சுட்டப்படுவது. தோல்வியின் இலக்கணத்தை முன்னரே கூறி, அதற்கு உடன்பட்டு நிற்பதே மெய்வாதம். எந்நிகழ்ச்சி நேரினும் தன் கூற்றே மெய்யெனப் பின்னர்ச் சொல்லைத் திருப்பிக்கொள்வது போலிவாதம். துணைக்கோள் நிற்கும் என்பார், எது கண்டால் தம் கூற்றைக் கைவிடுவர் என்று ஒருபோதும் உரைப்பதிலர்.

தில்லை பற்றிய கூற்றுக்கள்

தில்லை உலகக் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி என்பது இரண்டாவது கூற்று. காந்த நடுக்கோடு என்பது, காந்த ஊசி மேலும் கீழும் சாயாது கிடைமட்டமாய் நிற்கும் இடங்களை இணைத்து நிலவுலகைச் சுற்றிச் செல்லும் ஒரு வளையம். வளையத்தின்மேல் மையம் என ஒரு புள்ளி இல்லை. வளையத்தின் மையம் வளையத்தின்மேல் இராது என்பது வடிவக்கணக்குப் பயிலும் சிறாரும் அறிவர். அன்றியும் அக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வது. அது பற்றியே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊர் ஏவுகணைத் தளத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ஏவுகணை விடுக்கப்பட்டது. தில்லை தும்பாவின் நிரைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே உள்ளது. அக்கோடும் நிலையாய் நில்லாது ஆண்டுதோறும் சிறிது சிறிது பெயர்வது. பெயரும் கோட்டின்மேல் நிலைத்த கோயிலின் பெருமையை வைப்பது எங்ஙனம்?

மூன்றாவது, நெடுங்கோடு பற்றிய கூற்று. தில்லை, காஞ்சி, காளத்தி மூன்றும் ஒரே நெடுங்கோட்டில் உள்ளன என்பர். இது மெய்யே. மூன்றும் கிழக்கு 79.7 பாகையை ஒட்டியே அமைந்துள்ளன. மெய்யை மெய்யென்று ஒப்புதல் ஆராய்வார் கடமை. ஆயின் அதன்மேல் எழுப்பும் முடிபே ஆராயத்தக்கது. ஐம்பூதத் தலங்களுள் எஞ்சிய இரண்டனுள் திருவண்ணாமலை 79.1 பாகையளவிலும், திருவானைக்கா 78.7 பாகையளவிலும் உள்ளன. ஐந்தனுள் இரண்டு கோட்டினின்று விலகின. கேதாரத்தையும் இராமேச்சுரத்தையும் உடன் சேர்த்து, எல்லாம் ஒரு நேர்கோடு என்பார் கூற்றை நோக்கின், கேதாரம் 79.1 பாகையளவிலும் இராமேச்சுரம் 79.3 பாகையளவிலும் உள்ளமை தெரியவரும். 79.1-க்கும் 79.7-க்கும் இடைப்பட்டது கோடன்று. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் அகலமுடைய பட்டை. தமிழகத்தின் கீழ்ப்பகுதியில் அத்துணை அகலமான பட்டையை வரைந்தால், பாடல் பெற்ற தலங்கள் பல அதனுள் அடங்காமற் போதல் அரிது.

இதன் குற்றம் அளவை நூலார்க்குப் புதிதன்று. ஏதுவானது சபக்கத்தில் இருத்தலும் விபக்கத்தில் இன்மையும் வேண்டும் என்பது அவர் விதி. இந்நெடுங்கோட்டில் அமைந்தமையே ஒரு தலத்தின் சிறப்பிற்கு ஏது என்னின், அக்கோட்டில் அமைந்தும் கோயிலற்ற ஊர்கள் எண்ணில. அக்கோட்டினின்று விலகியும் பெருஞ்சிறப்புடைய மதுரையும் அண்ணாமலையும் ஆனைக்காவும் உள. விபக்கத்தில் ஏது உண்டு; சபக்கத்தில் ஏது இல்லை. ஆகலின் அது ஏதுப்போலி. இசைந்தவற்றை எண்ணி இசையாதவற்றை எண்ணாது விடுதலே, இக்காலத்து அறிவியற் போலிகளிற் பெரும்பாலனவற்றிற்கு உயிர்நிலை.

பொன்னம்பலத்து ஓடுகள் 21,600 என்பதும், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண் என்பதும் வேறு வகையின. நிமிடத்திற்குப் பதினைந்து மூச்சு எனக் கொள்ளின் ஒரு நாளைக்கு 21,600 ஆகும். அமைதியாய் இருக்கும் மக்களின் மூச்சு நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை ஆளுக்காள் வேறுபடுதலின், அது குறிப்பெண்ணேயன்றி அளந்து கண்ட முடிபன்று. உடம்பே அம்பலம் என்னும் உட்பொருளை உணர்த்தும் குறியாக அதனைக் கொண்டால் அதற்கு யாதொரு குற்றமும் இல்லை. குறியை அளவென்று கூறும்போதுதான் குறியும் கெடுகின்றது, அளவும் கெடுகின்றது.

சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனிவா நகரையடுத்த செர்ன் என்னும் துகள் ஆய்வுக் கழகத்தில், இந்திய அரசு அளித்த இரண்டு மீட்டர் உயரக் கூத்தப்பெருமான் திருவுருவம் 2004 ஜூன் 18-ஆம் நாள் நிறுவப்பட்டது. இது சைவர்க்கு மகிழ்ச்சி தருவதே. ஆனந்த குமாரசுவாமி தம் 'சிவநடனம்' என்னும் புகழ்பெற்ற கட்டுரையை 1912-ஆம் ஆண்டில் வெளியிட்டது 'சித்தாந்த தீபிகை' என்னும் சைவ வெளியீட்டிலேயே என்பதும் நினைவுகூரத்தக்கது. ஆயின் அணுத்துகள்களின் இயக்கத்தைக் கூத்தோடு ஒப்பிட்டோர் உவமை கூறினரேயன்றி, ஆய்வின் முடிபாக அதனை வெளியிட்டிலர். அக்கழகம் முடிபு கூறும் முறை வேறு. 2012-ஆம் ஆண்டில் ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவிக்குமுன், தனித்தனியே இயங்கிய இரு குழுவினர் வெவ்வேறு கருவிகளால் ஒரே முடிபிற்கு வரல் வேண்டும் என்றும், அத்தோற்றம் தற்செயலாய் நேர்தற்கு வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்றிற்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்துக் காத்திருந்தனர். உவமையைப் பாராட்டுதல் நன்று. உவமையைச் சான்றென்று வழக்காடுதல் நன்றன்று.

மயிலாடும்பாறை காட்டும் நெறி

போலியைக் கண்டித்தல் மட்டும் போதாது. மெய்யாய அறிவியல் யாங்ஙனம் நடைபெறும் என்பதும் காட்டல் வேண்டும். அதற்குச் சான்று கிருட்டிணகிரி மாவட்டத்திலேயே உள்ளது. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் 2003-ஆம் ஆண்டிற் பேராசிரியர் கா. இராசன் அகழ்ந்தார். 2021-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. அங்கு இரும்புக்கால மண்ணடுக்குக்களிலிருந்து எடுத்த மாதிரிகளைக் கரிமக் காலக்கணிப்பிற்கு அனுப்பக் கி.மு. 1615, கி.மு. 2172 என்னும் காலங்கள் கிடைத்தன. 2022 மே மாதத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவற்றைச் சட்டமன்றத்தில் வெளியிட்டார். தமிழகத்தில் இரும்பின் பழமை நாலாயிரத்து இருநூறு ஆண்டு என அதனாற் கணிக்கப்பட்டது.

இக்கணிப்பின் வழி யாதெனின் கூறுதும். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரிமத்தை ஏற்குங்கால், கரிமம்-14 என்னும் கதிரியக்கக் கூற்றினையும் சிறிது ஏற்கின்றது. மரம் பட்டபின் ஏற்றல் நின்றுபோக, உள்ளது மட்டும் சிதைகின்றது. 5,730 ஆண்டில் அது பாதியாகும். நாலாயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட கரித்துண்டில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே எஞ்சியிருக்கும். எஞ்சியதை எண்ணிக் கழிந்த காலத்தைக் கருதுதல் இம்முறை.

மெய்கண்டார் முறையில் இதனை வைத்து நோக்கலாம். 'இவ்வடுக்கு இத்துணை ஆண்டிற்கு உரியது' என்பது மேற்கோள். 'இதன் கரியிற் கரிமம்-14 இத்துணை குறைந்தமையின்' என்பது ஏது. எடுத்துக்காட்டு யாது? இம்முறையை 1940-களில் வகுத்த வில்லார்ட் லிபி என்பார், எகிப்திய அரசர் கல்லறைகளின் மரம் முதலாகிய, காலம் வேறு வழியால் தெரிந்த பொருள்களையே முதலில் எடுத்து அளந்து, தம் கணக்கு அவற்றோடு ஒத்தமை காட்டினார். பின்னர் ஆண்டு வளையம் எண்ணத்தக்க மரங்களைக் கொண்டு இக்கணக்கின் சிறு பிழைகளும் திருத்தப்பட்டன. ஒசூர் ஆலையில் அளவுகருவியை மூலக் கருவியோடு ஒப்பிடும் ஒழுக்கமும் இதுவே. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளக்குமுன், தெரிந்ததன்மேல் அளவையைச் சோதித்துக்கொள்ளுதல் மெய்யறிவியலின் முதல் இலக்கணம்.

இரண்டாம் இலக்கணம், தன் எல்லையைத் தானே கூறுதல். கரிமக் கணிப்பு அளப்பது கரியின் காலத்தை, இரும்பின் காலத்தையன்று. ஒரே அடுக்கில் இரண்டும் கிடந்தமையால் இரும்பின் காலம் கருதப்படுகின்றது. ஆகலின் அடுக்குக் குலையாதிருந்ததா, எரிந்த மரம் எரிக்கப்பட்ட காலத்திற்கு நெடுநாள் முன்னரே பட்ட பழமரமா என்னும் வினாக்கள் எழும். அவ்வினாக்களைத் தொல்லியலாரே எழுப்புகின்றனர். ஒரு மாதிரியிற் கிடைத்த எண்ணை மற்றை மாதிரிகளும் பிற இடங்களும் தாங்குகின்றனவா என்று நோக்குகின்றனர். 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சாரும் காலங்களைக் கூறியபோது, மாதிரிகள் ஒன்றிற்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்கட்கு அனுப்பப்பட்டமையும், கரிமக் கணிப்போடு ஒளித்தூண்டற் கணிப்பு என்னும் வேறு முறையும் கையாளப்பட்டமையும் குறிக்கத்தக்கன. அங்ஙனமாயினும் மேலும் அகழ்ந்து மேலும் அளத்தல் வேண்டும் என்பதே அறிஞர் நிலை.

ஈண்டும் போலி புகுதற்கு வழி உண்டு. மயிலாடும்பாறைக் கரியின் எண்ணைக் கையிற்கொண்டு, உலகத்தார்க்கெல்லாம் இரும்பளித்தவர் தமிழரே என்றும், கடல்கொண்ட பல்லாயிரம் ஆண்டுப் பழமையெல்லாம் மெய்ப்பிக்கப்பட்டன என்றும் மேடையில் முழங்குவார் உளர். அவ்வெண் அங்ஙனம் கூறவில்லை. கரி கூறியது கரியின் காலம். அதற்குமேற் கூறியது மேடை. மெய்யாய சான்றும் தன் எல்லை கடந்து இழுக்கப்படுமாயின் போலியாகிவிடும் என்பதற்கு இதுவே அறிகுறி. தமிழர் பழமையின்மேல் அன்புடையார், மயிலாடும்பாறை மண்ணடுக்கைக் காப்பதிலும் எஞ்சிய இடங்களை அகழ்வதிலும் அவ்வன்பைச் செலுத்துதல் தகும்.

தடையும் விடையும்

அற்றேல், அறிவியல் நாளும் மாறுவதாயிற்றே, இன்று மெய்யென்றதை நாளை பொய்யென்னுமே, அதனைக் கொண்டு போலியைத் தள்ளுதல் எங்ஙனம் எனின், மாறும் முறையை நோக்குக. கிருட்டிணகிரியை அடுத்த திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையிற் காவலூர் வானாய்வுக்கூடம் உள்ளது. 1972-ஆம் ஆண்டில் வியாழனின் கானிமீடு என்னும் துணைக்கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரிலும் சாவகத்திலும் இருந்து நோக்கிய இந்திய, ஆங்கில, அமெரிக்க அறிஞர் குழுவினர், அத்துணைக்கோளைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் உண்டென்று கணித்தனர். 1979-இல் வாயேஜர் விண்கலம் அணுகி நோக்கியபோது, அவர் கணித்த அளவில் வளி அங்கு இல்லை என்பது தெரிந்தது. அறிவுலகம் கணக்கைத் திருத்திக்கொண்டது. முன்னையோர் தாம் கண்டதையும், கண்ட முறையையும், எண்ணையும் வெளிப்படையாய் எழுதி வைத்தமையாலன்றோ பின்னையோர் அதனைத் திருத்தல் இயன்றது? திருத்தத்தக்கவாறு கூறுதல் அறிவியலுக்குக் குறையன்று. அதுவே அதன் நாணயம். திருநள்ளாற்றுச் செய்தியைத் திருத்துதல் எவர்க்கும் இயலாது. திருத்துதற்கு அதன்பால் நாளும் இல்லை, எண்ணும் இல்லை, கண்டாரும் இலர்.

அற்றேல், பொய்யாயினும் இச்செய்திகள் எளியோர்க்குப் பத்தியை வளர்க்கின்றனவே, குற்றமற்ற நன்மை தருமாயிற் பொய்யும் வாய்மையின் இடத்தது என்று திருவள்ளுவரும் கூறினாரே எனின், அவர் வைத்த அடையை மறத்தலாகாது. நன்மை குற்றம் நீங்கியதாதல் வேண்டும். இச்செய்திகளால் வரும் நன்மை அத்தகையதன்று. ஒசூர் ஆலையில் அளவு பயின்ற இளைஞன் ஒருவன், துணைக்கோள் நில்லாது என்பதை ஒருநாள் அறிவான். அறிந்த அன்று, அச்செய்தியைத் தனக்குச் சொன்ன சொற்பொழிவாளர் வாயிலாகவே தேவாரத்தையும் கேட்டமை நினைந்து, இரண்டனையும் ஒருங்கே ஐயுறுவான். அன்று இழப்பு நாசாவிற்கு அன்று, சைவத்திற்கே. திருநாவுக்கரசர் நீற்றறையிலும் கல்லோடு கடலிலும் இடப்பட்ட காலத்தும் கலங்காத உறுதி, எக்கருவியின் சான்றையும் அவாவி நின்றதன்று.

அற்றேல், யோகக் காட்சியும் காட்சியென்று சித்தியார் கூறுதலின், கருவிக்கு எட்டாதன உண்மையாதல் கூடாதோ எனின், கூடும். ஆயின் இச்செய்திகள் யோகியின் காட்சியைச் சான்றாகக் கூறவில்லை. துணைக்கோளையும் காந்த ஊசியையும் சான்றாகக் கூறுகின்றன. எம்மன்றத்திற் சான்று அழைக்கப்பட்டதோ அம்மன்றத்தின் விதிப்படியே அது வினவப்படும். கருவியைச் சான்றழைத்துவிட்டு, கருவி மறுக்கும்போது யோகத்தின் பின் ஒளிந்துகொள்ளுதல் தோல்வித்தானம்.

இனி, சித்தாந்த உண்மை நோக்கினும் இம்முயற்சி பிழையுடையதே. கட்டியறியப்படும் பொருளெல்லாம் அழிதன்மையுடைய அசத்து என்பதும், சிவம் அங்ஙனம் அறியப்படும் பொருளுமன்று, அறியப்படாத சூனியமுமன்று என்பதும் சிவஞான போதத்து ஆறாஞ் சூத்திரத்தின் கருத்து. ஊனக்கண்ணாற் காணப்படாத பதியை ஞானக்கண்ணாற் காண்க என்பது ஒன்பதாஞ் சூத்திரத்தின் கருத்து. தொலைநோக்கியும் துணைக்கோளும் கண்ணின் நீட்சிகள். பாசஞானத்தின் வலிய கருவிகள். உலகை அறிதற்கு அவை இன்றியமையாதன. அவற்றாற் பதியை நிறுவ விழைவார், பதியைப் பாசஞானத்திற்கு விடயமாக்குவாராவர். அங்ஙனம் அகப்படுமாயின் அது பதியன்று என்று மெய்கண்டார் மறுத்திருப்பர். ஆகலின் அறிவியற் போலி, அறிவியலுக்கு மட்டுமன்றிச் சித்தாந்தத்திற்கும் பகையாகின்றது.

இதனானே, கருவியால் அளக்கப்படாதது இல்லை என்பார்க்கும் விடை கூறப்பட்டது. காட்சி ஒன்றே அளவை என்னும் உலகாயதர் கொள்கையைச் சித்தியார் பரபக்கம் முதற்கண் எடுத்துரைத்தே மறுத்தது. கரிமக் கணிப்பு இரும்பின் காலத்தைக் கூறும். இரும்பை உருக்கியவன் எதன்பொருட்டுப் பிறந்தான் என்று கூறாது. கூறாமை மறுத்தலன்று. தன் எல்லையில் நிற்கும் அறிவியலும் தன் எல்லையில் நிற்கும் சமயமும் ஒன்றையொன்று நெருக்குவதில்லை.

முடிபு

ஆகவே, அறிவியல் என்னும் பெயரோடு ஒரு செய்தி வருங்கால், சைவ நன்மக்கள் வினவற்பாலன சிலவே. உரைத்தார் யார், எவ்விடத்தில் எழுதினார்? அளந்த கருவி தெரிந்த பொருளின்மேற் சோதிக்கப்பட்டதா? பிறர் தனித்து அளந்தும் அதுவே கண்டனரா? இசையாதன எண்ணப்பட்டனவா? யாது கண்டால் இக்கூற்றுப் பொய்யாகும் என்று கூறியவர் ஒப்புகின்றாரா? கூறியதன் எல்லை யாது? இவற்றுள் எவையும் மேனாட்டினின்று கடன் வாங்கியன அல்ல. ஆப்தன், எடுத்துக்காட்டு, சபக்கம், விபக்கம், தோல்வித்தானம் என்னும் பெயர்களால் அளவை நூல் கற்றார் என்றும் பயின்றனவே.

கோயிற் சொற்பொழிவு செய்வோரும் மலர் வெளியிடுவோரும், நாசா என்னும் சொல் வருமிடத்து இவ்வினாக்களை எழுப்பி, விடையில்லாதவற்றை நீக்கிவிடுதல் வேண்டும். நீக்கிய இடத்தைத் தலவரலாறும், கல்வெட்டும், பதிகப்பொருளும் நிரப்பும்; அவை குறைவற உள்ளன. அளவுகருவியும் கையுமாய் ஒசூரில் வாழும் தலைமுறை, மலைமேல் ஏறுங்கால் தன் அறிவை அடிவாரத்திற் கழற்றி வைத்துவிட்டு ஏறவேண்டும் என்று சைவம் ஒருநாளும் விதித்ததில்லை. அளந்தறியத்தக்கதை அளந்தும், அளவிறந்த பொருளை அன்பாற் பணிந்தும் வாழ்தலே மெய்கண்டார் வழிவந்தோர்க்கு உரிய நெறியாம்.